லயத்துக் கடையும் கந்தோர்க் கடுதாசியும்

(எமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சபையிலே சமயமும் இலக்கியமும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு எமக்குக் குறித்துத் தரப்பட்ட பொருளோ சிறு வியாபாரமும் அரசாங்கச் சட்டதிட்டங்களும் என்பது. இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "பாதியிலே கூட்டம் எழுந்து தேநீருக்குப் போய்விடும்" என்று எம்மைப் பயமுறுத்தினார். பின்புறத்திலே தேநீர் தயாராவது உண்மையே. ஆனால் அத்தேநீருக்குப் பால் தந்தவர், சீனி விற்றவர், வடை சுட்டவர் ஆகிய மூவரும் சிறு வியாபாரிகள் ஆதலால், அவர்களைப் பற்றிச் சிறிது நேரம் கேட்டுவிட்டுப் பின்னர் தேநீர் அருந்துதல் முறையாகும்.

கடை என்றவுடன் உங்களிற் பலருக்குப் பதுளைக் கடைவீதி நினைவுக்கு வரும். நாம் பேச வந்தது அதற்கும் அப்பால், பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, தெமோதரை, அப்புத்தளை, கொஸ்லாந்தை என்று மலையேறிப் போகும் தோட்டங்களின் லயங்களிலே இருக்கும் கடைகளைப் பற்றி. பெயர்ப் பலகை இல்லாத கடை அது. தொங்கல் காம்பராவின் முன்பக்கத்திலே ஒரு பலகையைத் தட்டாக அடித்து, அதன்மீது சவர்க்காரம், தீப்பெட்டி, வெற்றிலை, கருவாடு, பிள்ளைகளுக்கு இனிப்பு, கைத்தொலைபேசிக்கு ரீலோட். அடுத்த லயத்திலே ஒரு தையல் மெஷின். அதற்குக் கீழே முடிவெட்டும் நாற்காலி ஒன்று. பாதையோரத் தகரக் கொட்டிலிலே முச்சக்கர வண்டி திருத்தும் ஒரு பையன். முறுக்குச் சுட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகும் ஒரு தாய். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஊவாவின் தோட்டப் பகுதியிலே பெரும் வியாபாரம் ஒன்று நடைபெறுகின்றது. கந்தோர் ஏடுகளில் அதற்குப் பெயர் இல்லை.

இக்கடைகள் ஏன் பெருகின என்று கேட்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. தோட்ட வேலையின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவுமாக நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் வேலை கொடுத்த நாளுக்கு, பேர் விழுந்த நாளுக்கு மட்டுமே. படித்த பிள்ளை கொழுந்துக் கூடையைத் தூக்க விரும்புவதில்லை. கொழும்பிலே கடைச் சிப்பந்தியாக இருந்து அலுத்துத் திரும்பியவனும், மத்திய கிழக்கிலே வீட்டு வேலை செய்து மீண்ட தாயும், ஓய்வுபெற்றுச் சேமலாப நிதியைக் கையிலே வாங்கிய கணக்கப்பிள்ளையும் ஏதோ ஒரு தொழிலைத் தொடங்கத்தான் வேண்டும். தொடங்குகிறார்கள். அங்கேதான் அரசாங்கம் அவர்களைச் சந்திக்கிறது. அல்லது சந்திக்காமலே விட்டுவிடுகிறது.

சட்டம் கேட்பவற்றைச் சற்றுப் பார்ப்போம். முதலாவது வியாபாரப் பெயர்ப் பதிவு. இதற்கு மூலமானது 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பிரித்தானியாவிலே 1916இல், முதலாம் உலக யுத்தத்தின் நடுவே, எதிரி நாட்டார் வேறு பெயருக்குப் பின்னால் ஒளிந்து வியாபாரம் செய்வதைக் கண்டுபிடிக்கவேண்டி இத்தகைய சட்டம் பிறந்தது. இரண்டே ஆண்டில் அது இலங்கைக்கும் வந்துவிட்டது. ஜேர்மானியனுக்கு விரித்த வலையிலே முறுக்குச் சுடும் தாய் வந்து அகப்பட்டாள் என்று நாம் சிரிக்கலாம். தன் முழுப் பெயரிலேயே வியாபாரம் செய்பவருக்கு அக்கட்டளைச் சட்டம் பதிவை வற்புறுத்தவில்லை. ஆனாலும் வங்கியிலே கடன் கேட்டாலும், மொத்த வியாபாரியிடம் சாமான் கேட்டாலும், "பதிவுப் பத்திரம் எங்கே?" என்பதுதான் முதற் கேள்வி. பதிவு இன்று பிரதேச செயலகத்திலே நடைபெறுகிறது.

இரண்டாவது, பிரதேச சபையிலே ஆண்டுதோறும் பெறவேண்டிய வியாபார உத்தரவுப்பத்திரம். உணவுப் பண்டமாயின் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வருகையும். நிறுத்து விற்பதாயின் தராசுக்கும் படிக்கற்களுக்கும் முத்திரை. வண்டி திருத்துவதுபோன்ற தொழிலாயின் சுற்றாடல் அநுமதிப்பத்திரம். ஒருவரையேனும் சம்பளத்துக்கு வைத்தால் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்டுதல், அதற்குமேல் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். இவை தவிர 2024இல் 18 வயது நிறைந்த யாவரும் வரி இலக்கம் பெற வேண்டும் என்ற அறிவிப்பு வந்தபோது லயங்களிலே உண்டான கலவரம் உங்களுக்கு நினைவிருக்கும். இலக்கம் வேறு, வரி வேறு என்பதைக்கூட எவரும் தமிழிலே எடுத்துச் சொல்லவில்லை. 2025 ஏப்ரலிலே வருமான வரிக்கான விலக்கு எல்லை ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. எமது லயத்துக் கடைகளிலே அந்த எல்லையைத் தாண்டும் இலாபம் காண்பவரைக் கண்டால் அவருக்கு மாலை சூட்டலாம்.

இந்த வரிசையைக் கேட்டவுடன், "சட்டங்கள் அதிகம்; குறைத்துவிட வேண்டும்" என்று சொல்லிவிடுவது எளிது. எமது அபிப்பிராயம் சிறிது வேறு. ஒவ்வொரு விதியையும் தனித்தனியே எடுத்தால் அதற்கு நியாயம் உண்டு. லயத்துக் கடையை நெரிப்பது விதிகளின் தொகை மாத்திரமன்று. எல்லா விதிகளும் ஒரே வாசலால் நுழைகின்றன. அந்த வாசலிலே கேட்கப்படுவது இடத்துக்கான அத்தாட்சி. கடை இருக்கும் இடம் உம்முடையதா? ஆயின் உறுதி காட்டும். வாடகையா? ஆயின் ஒப்பந்தம் காட்டும். பதுளைக் கடைவீதியிலே இருப்பவருக்கு இது அலுப்பான வேலை, அவ்வளவே. லயத்திலே இருப்பவருக்கோ இது முடியாத காரியம்.

ஏன் முடியாதென்று நகரத்து அன்பர்களுக்குச் சொல்லவேண்டும். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாலே பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் விடப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகையாயிற்று. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியுடையது, லயம் தோட்டத்தினுடையது. நான்கு தலைமுறையாக அந்தக் காம்பராவிலே பிறந்து, மணமுடித்து, மடிந்த குடும்பத்திடம் உறுதியும் இல்லை, வாடகைச் சீட்டும் இல்லை. கடிதங்கூடப் பல இடங்களிலே வீட்டுக்கு வருவதில்லை. தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யாரேனும் எடுத்துவந்தால்தான் உண்டு. நேர்முகப் பரீட்சைக்குரிய கடிதம் பரீட்சை முடிந்தபின் கைக்கு வந்த கதையை மலைநாட்டிலே கேளாதவர் இல்லை.

உறுதி இல்லையென்றால் கந்தோரிலே சொல்லப்படும் மாற்று வழி பெரும்பாலும் ஒன்றே: தோட்ட நிருவாகத்திடமிருந்து ஆட்சேபமில்லை என்று கடிதம் கொண்டுவாருங்கள். பெரியோர்களே, இதைக் கேட்கும்போது உங்கள் பாட்டனார் காலத்துச் சொல் ஒன்று எமக்கு நினைவுக்கு வருகிறது. துண்டு! தொழிலாளியின் பேரிலுள்ள கடனைக் கட்டினால் அவரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த கடுதாசிக்குத் துண்டு என்று பெயர். துண்டில்லாமல் வேறு தோட்டத்திலே வேலை இல்லை. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறாண்டு கடந்தபின், ஒருவர் தம் வாசலிலே வெற்றிலை விற்பதற்கும் மறுபடியும் துரையிடம் கடுதாசி வாங்கத்தான் போகிறார். கடுதாசி கொடுப்பதற்கு அந்தத் துரையைக் கட்டாயப்படுத்தும் விதி எதுவும் நாம் அறிய இல்லை. நல்லவராயின் அன்றே கிடைக்கும். யோசிப்பவராயின், "தலைமைக் கந்தோரிலே கேட்கவேண்டும்" என்பார். அவரையும் முற்றாகக் குறைகூற மாட்டோம். லயத்திலே ஒரு கடைக்குக் கையெழுத்திட்டால் நாளை காணிக்கே உரிமை கோருவார்களோ என்ற பயம் கம்பனிக்கு இருக்கிறது.

எம்மொத்த மாணாக்கர் சிலர் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது முறுக்குச் சுடும் தாய் ஒருவரைக் கண்டோம். எல்லவுக்கு வரும் வெளிநாட்டார் வாங்கக்கூடியதாகச் சிறு பொதிகளிலே அடைத்துத் தந்தால் வாரந்தோறும் எடுப்பதாக அங்குள்ள கடைக்காரர் ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தார். பொதியின்மேல் தயாரித்தவர் பெயர், முகவரி, திகதி, நிறை எல்லாம் அச்சிட வேண்டும், பதிவும் வேண்டும். அம்மா புறப்பட்டார். முதல் நாள் கிராம உத்தியோகத்தர் வேறு கூட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள் அவர் அத்தாட்சி தந்தார். மூன்றாம் நாள் பெரிய கந்தோரிலே, இடத்துக்கான பத்திரம் இல்லையென்று திருப்பினார்கள். நான்காம் நாள் தோட்டக் கந்தோர், துரை லீவிலே. ஐந்தாம் நாள் வந்த துரை, "பார்ப்போம்" என்றார். ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போயிற்று, பஸ் காசும் போயிற்று. அவர் எம்மிடம் சொன்னதை அப்படியே சொல்கிறோம்: "முறுக்குச் சுட எனக்கு ரெண்டு மணித்தியாலம் போதும் தம்பி. இந்தக் கடுதாசி சுடத்தான் ரெண்டு மாசமாச்சு."

எல்லவிலே இருந்த கடைக்காரர் அதற்குள் வேறிடத்திலே எடுக்கத் தொடங்கிவிட்டார். அம்மா முன்போலவே பொதியில்லாத முறுக்கைச் சந்தையிலே விற்கிறார். சட்டத்தை மீறித்தான் விற்கிறார் என்று சொல்லவும் இடமுண்டு.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1999 நவம்பர் 12ஆந் திகதி வெளிவந்த விசேட வர்த்தமானியின் மூலம் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலர் பிரிவுகளிலே சிங்களத்தோடு தமிழும் நிருவாக மொழி எனப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆதலால் தமிழிலே படிவம் கேட்பது சலுகை கேட்பதாகாது. ஆனால் உரிமையை அறியாதவர் கேட்பதெப்படி? படிவத்தை நிரப்பக் கந்தோர் வாசலிலே இருப்பவருக்குக் காசு கொடுத்து, தாம் எதில் கையெழுத்திட்டோம் என்றே தெரியாமல் திரும்புவோர் இன்றும் உளர்.

இனி, இச்சபையிலே அமர்ந்திருக்கும் நகர வியாபாரிகளின் மனத்திலே ஓடுவதை நாமே சொல்லிவிடுகிறோம். "நாங்கள் வாடகை கட்டி, வரி கட்டி, பரிசோதகருக்குப் பதில் சொல்லிக் கடை நடத்துகிறோம். லயத்திலே ஒன்றும் கட்டாதவன் இரண்டு ரூபா குறைத்து விற்கிறான். அவனுக்காகப் பேச வந்தீர்களே!" நியாயமான மனக்குறை இது. எம்மைப் படிக்கவைத்த காசும் கடைக் காசுதான் ஆதலால் இதை அலட்சியம் செய்ய எமக்கு வாய் வராது. ஆனால் இதற்குரிய பரிகாரம் பரிசோதகரை லயத்துக்கு அனுப்பிக் கடையை மூடுவிப்பதா? மூடினால் அவன் உங்கள் கடைக்குப் போட்டியாக இருக்கமாட்டான். உங்களிடம் மொத்தமாகச் சாமான் எடுப்பவனாகவும் இருக்கமாட்டான். அவனைப் பதிவுக்குள் கொண்டுவந்தால் உங்கள் கணக்கிலே கடன் எழுதுவதற்கும் ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு பத்திரம் கிடைக்கும். இன்று கொப்பியிலே "கீழ் லயத்து ராசு" என்று மட்டும் எழுதிவைத்து, பணம் வராதபோது தலையிலே கை வைப்பவர் இங்கேயும் இருக்கலாம்.

விதி எல்லாவற்றையும் எடுத்துவிடு என்று நாம் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தராசின் அருமையைத் தோட்டத் தொழிலாளியைவிட அறிந்தவர் எவர்? நாள் முழுவதும் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக்கணக்கிலே வெட்டப்படும்போது, நிறைகாரரின் கண்ணையும் தராசின் முள்ளையும் மாறிமாறிப் பார்த்து நின்ற சனம் எமது சனம். அதே சனம் மாலையிலே லயத்துக் கடையில் ஐந்நூறு கிராம் பருப்பு வாங்கும்போது நானூற்றைம்பது கிடைத்தால், அங்கே அநீதி செய்தவன் ஏழையென்பதால் அது நீதியாகிவிடாது. மிஷன் பாடசாலையிலே கற்ற நாம் கள்ளத் தராசைக் கண்டிக்கும் வாசகங்களை விவிலியத்திலே படித்தோம். வீட்டிலே வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கியதைப் படித்தோம். அர்த்தசாத்திரமோ நான்கு மாதத்துக்கொரு முறை எடைகளுக்கு முத்திரையிடச் சொல்கிறது. இன்று ஆண்டுக்கு ஒருமுறையே கேட்கிறார்கள். அதைக் குறைக்கச் சொல்லி நாம் வாதாட மாட்டோம். வாதம் வேறு. முத்திரையிடும் உத்தியோகத்தர் சம்பள நாளிலே, சந்தை கூடும் நாளிலே தோட்டத்துக்கு அருகே வந்து முத்திரையிட்டால் என்ன? ஒரு தராசைச் சுமந்து இரண்டு பஸ் ஏறுபவரின் நாள் மிச்சமாகுமே. சேமலாப நிதியும் அப்படியே. அது முதலாளிக்குப் பாரந்தான். ஆயினும் அந்த நிதியினாற் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகளாகிய நாம் அதைத் தளர்த்தக் கேட்பது அழகன்று. மாதாந்தப் படிவத்தைச் சுருக்கும்படி கேட்கலாம்.

நன்மை செய்யும் விதி உண்டு. கொல்லும் விதியும் உண்டு. பெரியவர்கள் 1970 முதல் 1977 வரையிலான காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத் தடை. பாதைகளிலே கம்பு போட்டுச் சோதனை. பையிலே கொஞ்சம் அரிசி இருந்தவரும் கள்ளக்கடத்தற்காரர். நெல் விளையும் வெல்லஸ்ஸ ஒரு பக்கம், பசித்திருக்கும் தோட்டம் மறுபக்கம், நடுவிலே விதி. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களில் மக்கள் பசியால் மடிந்தனர். அக்காலத்திலே மரவள்ளியையும் குரக்கனையும் தலையிற் சுமந்து லயத்துக்குக் கொண்டுவந்து விற்ற சில்லறை வியாபாரி எந்த உத்தரவுப்பத்திரமும் இல்லாதவனே. சுங்கந் தவிர்த்த சோழன் என்று முதலாம் குலோத்துங்கனை எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் நாம் சொல்கிறோம். அவன் வென்ற நாடுகளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெளியுலகைச் சற்று நோக்குவோம். 1983ஆம் ஆண்டளவில் பெரு நாட்டின் தலைநகராகிய லீமாவிலே, எர்னாண்டோ டி சோட்டோ என்னும் பொருளியலாளரின் குழுவினர் சிறு தையற்சாலை ஒன்றை முழுக்க முழுக்கச் சட்டப்படி பதிவுசெய்து பார்ப்பதென்று புறப்பட்டனர். குறுக்கு வழி கூடாது. ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கினர். 289 நாட்கள் சென்றன. செலவு 1,231 அமெரிக்க டொலர். அந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைப்போல முப்பத்தொரு மடங்கு. இதைப் படித்த ஆட்சியாளர் பலர் திடுக்கிட்டனர். பிற்காலத்திலே உலக வங்கி நாடுகளை வரிசைப்படுத்தி வியாபாரம் தொடங்க எங்கே எளிது என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடவும் அதுவே தூண்டுகோலானது. 2020ஆம் ஆண்டு அறிக்கையிலே 190 நாடுகளுள் இலங்கைக்கு 99ஆம் இடம். தரவுகளிலே முறைகேடு கண்டுபிடிக்கப்பட்டு 2021 செப்டெம்பரில் அவ்வறிக்கை கைவிடப்பட்டது. கைவிட்டதில் எமக்கு வருத்தமில்லை. அவர்கள் இலங்கையில் அளந்ததெல்லாம் கொழும்பிலே ஒரு கம்பனி தொடங்குவதற்கு ஆகும் நாட்களை. மடுல்சீமை மலையிலே பெட்டிக்கடை தொடங்க எத்தனை நாள் என்று எவரும் அளக்கவில்லை. கொழும்பிலே கம்பனி தொடங்குபவர் 2018 முதல் வீட்டிலிருந்தே கணினி மூலம் பதிவுசெய்யலாம். பாரம் குறைந்தது, ஆனால் ஏற்கெனவே வாகனம் வைத்திருப்பவருக்குத்தான் குறைந்தது!

அயல்நாடாகிய இந்தியாவிலே 2020 ஜூலை முதல் உத்யம் என்னும் பதிவுமுறை நடைமுறைக்கு வந்தது. சிறு தொழில் செய்பவர் தம்மைப் பற்றித் தாமே உறுதிகூறிப் பதியலாம், பத்திரங்களை ஏற்ற வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. பொய் சொன்னால் பின்னர் தண்டனை. முதலிலே நம்புவது, பிறகு சோதிப்பது என்ற ஒழுங்கு. எம்முடைய ஒழுங்கோ முதலிலே சந்தேகிப்பது, பிறகு மறந்துவிடுவது. அங்கும் எல்லாம் பொன்னாகிவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இடத்துப் பத்திரம் என்ற பூட்டை வாசலிலிருந்து கழற்ற முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆகவே நாம் வேண்டுவது முதலில் இது. தோட்டக் காணியிலே குடியிருப்பவர் வியாபாரம் பதியும்போது, உறுதிக்கும் துரையின் கடிதத்துக்கும் பதிலாக, வாக்காளர் இடாப்பிலே பெயர் இருப்பதையும் கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியையும், அவர் பெயரிலே மின்சாரச் சீட்டு இருந்தால் அதையும் போதுமானதாகக் கொள்ளவேண்டும். அப்பதிவினால் காணியிலே எந்த உரிமையும் உண்டாகாது என்று பத்திரத்திலேயே ஒரு வரி அச்சிட்டுவிட்டால் கம்பனியின் பயமும் தீரும். வியாபாரப் பெயர்ப் பதிவு மாகாண மட்டத்திலே நடைபெறுவது ஆதலால் ஊவா மாகாணம் மனம் வைத்தால் முன்மாதிரி காட்டலாம். கொழும்பைக் காத்திருக்கவேண்டிய அவசியம் குறைவு.

"பிரதேச சபையால் தோட்டத்துக்குள் ஒன்றும் செய்ய முடியாது" என்ற பழைய சாட்டும் இனிச் செல்லாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படித்தான் இருந்தது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த சபை, அதே லயத்துப் பாதைக்குக் கல்லுப் போட முடியாமல் நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. பாதை போடலாமென்றால் படிவமும் கொண்டுவரலாம். மாதத்தில் ஒரு நாள் பிரதேச செயலக லிகிதர், சபை உத்தியோகத்தர், சுகாதாரப் பரிசோதகர் மூவரும் ஒரே மேசையிலே ஒரு தோட்டத்துப் பாடசாலையில் அமர்ந்தால் ஐந்து பயணம் ஒன்றாகும். விண்ணப்பம் கொடுத்த முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் அநுமதி கிடைத்ததாகக் கொள்ளவேண்டும் என்றும் கேட்கலாம். சுகாதாரம் சம்பந்தமானவற்றுக்கு மட்டும் அது கூடாது. வயிற்றோட்டம் முப்பது நாள் பொறுக்காது.

2025 ஒக்டோபரிலே பண்டாரவளையிலே இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் ஏறக்குறைய இரண்டாயிரம் குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. நல்ல காரியம். எல்லோருக்கும் காணியும் உறுதியும் கிடைத்துவிட்டால் நாம் இன்று பேசியதிற் பாதி தானே மறைந்துவிடும். ஆனால் லயங்களிலே காத்திருப்போர் தொகையைப் பார்த்தால் அது நீண்ட வரிசை. அவ்வரிசை முடியும்வரை கடை காத்திராது.

காத்திராது என்பதற்கு அடுத்த மாதமே சாட்சி. நவம்பர் இறுதியிலே டித்வா புயல் வந்தது. நாட்டிலே மிகவும் அடிபட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி மண் சரிந்ததைக் கண்டவர்களுக்கு மறுபடியும் அந்த ஓசை. வீடு போனால் அங்கே வீடு இருந்ததென்று ஊரே சொல்லும். தையல் மெஷினும் மாவும் எண்ணெயும் கடன் கொப்பியும் மண்ணோடு போனால், இங்கே ஒரு தொழில் இருந்தது என்று எந்தக் கடுதாசியைக் காட்டுவது? பதிவு என்பதைச் சுமையென்று மட்டும் நினைத்திருந்த எம்மில் சிலருக்கு, பதிவில்லாமையும் ஒரு சுமையே என்பது அப்போது விளங்கிற்று. லயத்துக் கடைக்காரர் சட்டத்தைவிட்டு ஓட விரும்பவில்லை. உள்ளே வர இடம் கேட்கிறார்.

கடைசியாக, சங்கத்தால் ஆகக்கூடியது. அமைச்சருக்கு மகஜர் அனுப்புவதைப் பெரியவர்கள் எம்மைவிட நன்றாகச் செய்வீர்கள்; அதை உங்களிடமே விடுகிறோம். நாம் கேட்பது சிறியது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனம் சந்தைக்கு இறங்குகிறது. அன்று காலை ஒன்பது மணி முதல் ஒரு மணிவரை எமது வாசிகசாலையைத் திறந்து இரண்டு மேசை போட்டால் போதும். ஒன்றிலே சர்வகலாசாலை மாணாக்கராகிய நாம் அமர்ந்து படிவங்களைத் தமிழிலே விளக்கி நிரப்பிக் கொடுப்போம். காசு வாங்க மாட்டோம். மற்றதிலே கணக்குத் தெரிந்த வியாபாரப் பெரியவர் ஒருவர் அமர்ந்து வரவுசெலவு எழுதும் முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதை எங்களாற் செய்ய முடியாது. சர்வகலாசாலையிலே இலாபநட்டக் கணக்குக் கற்றோமே தவிர, கடன்காரனிடம் முகம் சுளிக்காமற் பணம் வாங்கும் வித்தையைக் கற்கவில்லை. யார் யாரை எந்தக் கந்தோர் எந்தப் பத்திரத்துக்காகத் திருப்பியனுப்பியது என்று ஒரு கொப்பியிலே எழுதிவருவோம். ஆறு மாதம் சென்றால் அந்தக் கொப்பி மகஜரைவிட உரத்துப் பேசும்.

நகலெடுக்கும் மெஷின் வைத்திருக்கும் அன்பர் ஒருவர் இச்சபையிலே இருக்கிறார் என்பதை அறிவோம். வெட்கத்தினால் அவர் பெயரை இங்கே சொல்லவில்லை. கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது அவரும், ஞாயிறு காலை நான்கு மணித்தியாலம் தரக்கூடிய வியாபாரப் பெரியவர் மூவரும் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டு அமர்கிறோம்.